முரட்டுமுடி நாட்டு வெள்ளாடுகளிடமிருந்து மெல்லிய அடிமுடி எடுக்க இயலுமா?

கேள்வி: பட்டியாளர்

வணக்கம். பாலுக்கும் இறைச்சிக்குமாக 42 நாட்டு வெள்ளாடுகளை வளர்த்து வருகிறேன். இவற்றுக்கு உடம்பு முழுவதும் நீண்ட, கம்பி போன்ற முரட்டு முடி இருக்கிறது. அதைக் கயிறு திரிப்பதற்கு மேல் வேறு எதற்கும் நான் பயன்படுத்தியதில்லை. சென்ற குளிர்காலத்தில் ஒரு பெட்டையாட்டுக்குப் பேன் பார்ப்பதற்காக விலாப்புற முடியை விரலால் வகிர்ந்து பார்த்தபோது, கரிய முடிகளின் அடியில், தோலை ஒட்டி, வெளிர் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒன்று அடர்ந்து கிடந்தது. பூஞ்சை நோயோ என்று முதலில் அஞ்சினேன். பிற ஆடுகளையும் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இருந்தது, சிலவற்றுக்கு விரல்நக நீளம், சிலவற்றுக்கு அதைப்போல் மூன்று மடங்கு. குளிர் தணிந்த பிறகு அதுவே தானாகக் கழன்று, வேலிக் கம்பியிலும் முட்செடிகளிலும் திரித்திரியாகத் தொங்கியது. ஒரு கைப்பிடி அளவு சேர்த்து, முரட்டு முடிகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு, எஞ்சியதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இத்தனை காலமும் இதைக் காற்றில் பறக்க விட்டிருக்கிறேனே என்று மனம் வருந்தியது.

பஷ்மினா என்பதும் காஷ்மீர் கம்பளி என்பதும் தனி இன ஆடுகளிடமிருந்துதான் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் ஆடுகள் எந்தச் சிறப்பு இனமும் அல்ல. ஆகவே, இதுவும் அதே பொருள்தானா, ஓர் ஆட்டிடமிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம், கத்தரிப்பது நல்லதா சீப்பால் கோதி எடுப்பது நல்லதா, முரட்டு முடியைப் பிரிக்க எளிய வழி உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்னொன்றும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் தம்மிடமுள்ள, மொஹேர் என்ற நீண்ட முடிக்காக வளர்க்கப்படும் அங்கோரா இனக் கிடாவைத் தருவதாகச் சொல்கிறார். அதனுடன் கலந்தால் முடியின் அளவு பலமடங்காகும் என்கிறார். அதற்கு நான் ஒப்புக்கொள்ளலாமா?

மறுமொழி: நெடுநாள் வளர்ப்பவர்

நண்பரே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவற்றில் நேரும் தவறுகளை அடுத்த ஆண்டே திருத்திக்கொள்ளலாம், இதில் நேரும் தவறு மந்தையை விட்டுப் போகப் பல தலைமுறைகள் ஆகும். அங்கோரா கிடாவை வாங்காதீர்கள்.

காரணத்தை விளக்க வேண்டுமானால் ஆட்டின் தோலிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளாட்டின் தோலில் இருவகை மயிர்க்கால்கள் இருக்கின்றன. முதல்நிலை மயிர்க்கால்கள் கருவில் முந்தித் தோன்றுபவை. அவற்றோடு எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் முடியைச் சிலிர்க்க வைக்கும் சிறு தசையும் சேர்ந்திருக்கும், அவற்றிலிருந்துதான் நீங்கள் கயிறு திரிக்கும் வெளிமுடி வளர்கிறது. இரண்டாம் நிலை மயிர்க்கால்கள் அவற்றைச் சூழ்ந்து கூட்டம் கூட்டமாக அமைந்தவை. நீங்கள் கண்ட அடிமுடி அவற்றில் வளர்வது. வெளிமுடி பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்திருக்கும், நடுவே துளையுடைய தண்டு போன்ற அமைப்பும் அதற்கு உண்டு. அடிமுடி அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இருக்காது. ஆகவே இது ஓர் இனத்துக்கு மட்டும் வாய்த்த வரம் அன்று. குளிரில் வாழும் பெரும்பாலான நாட்டு வெள்ளாடுகளுக்கு அடிமுடி உண்டு. அது எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நீளம், எவ்வளவு மெல்லியது என்பதில்தான் ஆட்டுக்கு ஆடு வேறுபாடு. 1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அங்கே காட்டில் கட்டின்றித் திரிந்து, தொல்லை தரும் விலங்கு என்று சுடப்பட்டு வந்த வெள்ளாடுகளின் உடம்பில் இதே அடிமுடியைக் கண்டறிந்தார்கள். அந்நாட்டின் காஷ்மீர் கம்பளித் தொழில் அந்தக் காட்டு ஆடுகளிலிருந்தே எழுந்தது. ஸ்காட்லாந்திலும் 1980-களில் உள்ளூர்க் காட்டு ஆடுகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஐஸ்லாந்து, சைபீரியா முதலிய இடங்களின் ஆடுகளோடு கலந்து ஒரு மந்தையை உருவாக்கினார்கள்.

பெயர் எதுவாயினும் அளவுகோல் ஒன்றுதான். அமெரிக்கச் சட்டத்தின்படி காஷ்மீர் என்று பெயரிட வேண்டுமானால் இழையின் சராசரித் தடிமன் 19 மைக்ரானைத் தாண்டக்கூடாது, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. லடாக்கின் சாங்தாங்கி ஆடுகள் 12 முதல் 15 மைக்ரான் வரை தருகின்றன, அதனால்தான் அவற்றுக்கு அத்தனை மதிப்பு. உங்கள் ஆடுகள் 16 மைக்ரான் கொடுத்தாலும் அது நல்ல பொருளே.

இனி அங்கோராவுக்கு வருகிறேன். அங்கோராவின் மொஹேர் என்பது முதல்நிலை, இரண்டாம் நிலை ஆகிய இருவகை மயிர்க்கால்களிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள, நீண்ட, மினுமினுப்பான இழையாக வளர்வது. அதனால் அதில் பிரிக்க வேண்டிய வெளிமுடி மிகக் குறைவு. உங்கள் ஆட்டில் நிலைமை நேர்மாறானது: தடித்தது மிகத் தடித்தும், மெல்லியது மிக மெல்லியதாகவும், இடையில் ஏதுமின்றி இருப்பதே அதன் செல்வம். இவ்விரண்டையும் கலந்தால் அந்த இடைவெளி தூர்ந்துவிடும். 20 முதல் 30 மைக்ரான் வரை தடித்த இடைநிலை இழைகள் தோன்றும். அவற்றைக் கையாலும் பிரிக்க முடியாது, இயந்திரத்தாலும் பிரிக்க முடியாது. 1980-களில் நியூசிலாந்தில் இவ்வாறு கலந்து கிடைத்த இழைக்குக் காஷ்கோரா என்று தனிப்பெயரே வைத்தார்கள். அளவு கூடியது உண்மை, ஆனால் அது காஷ்மீரும் ஆகவில்லை, மொஹேரும் ஆகவில்லை. சோவியத் காலத்தில் மத்திய ஆசியாவின் முரட்டுமுடி நாட்டு ஆடுகளோடு, 1930-களில் அமெரிக்காவிலிருந்து தருவித்த அங்கோராக்களைக் கலந்து ஒரு மொஹேர் இனத்தை உருவாக்கினார்கள். மொஹேருக்காக அது சரிதான். ஆனால் அந்தக் கலப்பு பரவிய இடங்களில் மெல்லிய அடிமுடி மங்கிப்போயிற்று. எந்த அங்கோரா கிடாவும் சென்று சேராத கிர்கிஸ்தானின் தொலைதூர மலைக்கிராமங்களில்தான், பின்னாளில் ஆய்வு செய்தவர்களுக்கு 16 மைக்ரானுக்குக் குறைவான அடிமுடியுள்ள நாட்டு ஆடுகள் கிடைத்தன. கலப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அல்தாய் மலைப்பகுதியில் உள்ளூர் முரட்டுமுடி ஆடுகளை டோன் இனக் கிடாக்களோடு சேர்த்துப் பல பத்தாண்டுகள் தேர்வு செய்து 1982-இல் ஒரு தனி இனத்தை நிலைநாட்டினார்கள். டோன் ஆடும் அடிமுடி ஆடுதான், ஆகவே இருவகை முடியும் தனித்தனியாகவே நின்றன. ஆயினும் டோன் இழை சற்றுத் தடித்தது என்பதால், எடை கூடும்போது மென்மை குறையும் என்ற விலையை அங்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

அளவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். தேர்வு செய்யப்படாத நாட்டு ஆட்டிடம் ஆண்டுக்கு 50 முதல் 200 கிராம் வரைதான் கிடைக்கும். சீனாவின் லியாவ்னிங் கிடாக்கள் ஒரு கிலோவுக்கு மேல் தருகின்றன என்பதைப் படித்துவிட்டு அந்தக் கணக்கை உங்கள் மந்தையின்மேல் போடாதீர்கள். அது நெடுங்காலத் தேர்வின் விளைவு.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது அளப்பது. குளிர்காலத்தின் நடுவில், அடிமுடி முழுமையாக வளர்ந்து, உதிரத் தொடங்குவதற்கு முன், ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து, கடைசி விலா எலும்பின்மேல், முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவில் முடியை வகிர்ந்து, தோலை ஒட்டி ஒரு சிறு கற்றையை வெட்டுங்கள். அதைக் கறுப்புத் துணியின்மேல் வைத்து, இழுக்காமல் நீளத்தை அளங்கள். 30 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நூற்பதற்குக் கடினம். பிறகு நெளிவைப் பாருங்கள்: நல்ல அடிமுடி ஒழுங்கற்ற சிறு நெளிவுகளோடு, மினுமினுப்பின்றி, மங்கலாக இருக்கும். வெயிலில் பிடித்தால் பட்டுப்போல் பளபளத்தால், முன்னோர்களில் எங்கோ அங்கோரா இருந்திருக்கிறது என்று ஐயப்படலாம். கை எல்லாவற்றையும் சொல்லாது. 15 மைக்ரானையும் 17 மைக்ரானையும் விரலால் வேறுபடுத்துவதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தேறிய ஆடுகளின் மாதிரிகளையாவது இழை ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்துகொள்ளுங்கள்.

மறுமொழி: சீப்புக்காரர்

மேலே எழுதியவர் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். கோதுவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் பதினாறு ஆண்டுகளாக ஒவ்வொரு வசந்தத்திலும் என் கைகள் செய்யும் வேலை அது.

அடிமுடியின் வளர்ச்சியை ஆள்வது குளிர் அல்ல, பகலின் நீளம். நெடும்பகல் நாளைக் கடந்து பகல் குறுகத் தொடங்கும்போது வளரத் தொடங்கி, குறும்பகல் நாளை ஒட்டி வளர்ச்சி நின்றுவிடுகிறது. பிறகு பகல் நீளும்போது வேர் தளர்ந்து உதிர்கிறது. பகல் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறாத நிலநடுக்கோட்டுப் பகுதி ஆடுகளில் இந்தச் சுழற்சி மங்கலாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அன்று எல்லா ஆடுகளையும் பிடிப்பது பயனற்ற வேலை. பெரியவை முந்தும், இளையவை பிந்தும்; பெட்டைகள் முந்தும், கிடாக்கள் பிந்தும். கழுத்திலும் காதின் பின்புறத்திலும் முதலில் தளரும், பிறகு தோளும் விலாவும். காதின் பின்னால் இரு விரல்களால் கிள்ளி மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆடு திமிறாமல், பஞ்சு பொதியிலிருந்து வருவதுபோல் அது தனியே வந்தால், அந்த ஆட்டுக்கு நாள் வந்துவிட்டது. இழுக்கும்போது தோலும் சேர்ந்து எழும்பினால் ஒரு வாரம் பொறுங்கள். தளர்ந்த பிறகு உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரங்கள்தான். விட்டால் வேலிக்குத்தான் போகும்.

இரண்டு சீப்புகள் வேண்டும், இரண்டும் கம்பியால் ஆனவை, நுனி வளைந்தவை. ஒன்றில் பற்கள் இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஏழெட்டு இருக்கும். மற்றொன்றில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டுக்கு மேல் இருக்கும். பற்களின் நுனியை உங்கள் முன்கையில் அழுத்தி இழுத்துப் பாருங்கள்; கோடு விழுந்தால் அரம் போட்டு மழுக்குங்கள். முதலில் அகன்ற சீப்பால் முடி படியும் திசையிலேயே வாரி, தூசியையும் ஒட்டுமுள்ளையும் சாணக்கட்டியையும் அகற்றிவிட வேண்டும். அதன் பிறகு நெருங்கிய சீப்பைத் தோலோடு படிய வைத்து, குறுகிய இழுப்புகளாக, மேலிருந்து கீழே வர வேண்டும். நான்கைந்து இழுப்புக்குப் பிறகு சீப்பின் வளைவில் சாம்பல் நிறச் சுருணை ஒன்று திரண்டு நிற்கும். அதைக் கையால் பிய்க்காமல், பற்களின் நுனிப்பக்கமாகத் தள்ளினால் முழுத்தகடாகக் கழன்று விழும். அந்தத் தகட்டை அப்படியே துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். அதிலிருந்து பிரியும் இழை அடிமுடியோடு கலந்துவிட்டால் எவராலும் எடுக்க முடியாது.

முதல் நாளிரவு தீவனம் கொடுக்காமல் வைத்திருந்தால், ஆட்டைச் சாய்த்துப் படுக்க வைக்கும்போது வயிறு உப்பாமல் இருக்கும். நிறைசினை ஆட்டைச் சாய்க்கவே கூடாது. நிற்க வைத்து, தோளிலும் கழுத்திலும் மட்டும் எடுத்துவிட்டு, ஈன்ற பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இதை நான் ஒரு சினையாட்டை இழந்து கற்றுக்கொண்டேன். முடி பறந்து போய்விடுமே என்ற அவசரத்தில் அதைப் படுக்க வைத்தேன். மறுநாள் அது குட்டியை வீசிவிட்டது, மூன்றாம் நாள் அதுவும் போயிற்று. இன்றும் அந்தக் கொட்டகை மூலையைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. மடியருகிலும் காம்பருகிலும் சீப்பைக் கொண்டுபோகாதீர்கள். ஈர உடம்பில் கோதாதீர்கள். முதற்கோதலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாம் முறை கோதினால் இன்னும் சிறிது கிடைக்கும், ஆனால் அதில் வெளிமுடி அதிகம் என்பதால் தனிப்பையில் வையுங்கள்.

கத்தரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெருமந்தைகளில் ஆள் கிடைக்காதபோது, உதிரும் முன்பே குளிர்காலத்தில் கத்தரிக்கிறார்கள். வேலை விரைவில் முடியும். ஆனால் வெளிமுடி முழுவதும் சேர்ந்தே வரும், ஆடு கடுங்குளிரில் வெற்றுடம்பாக நிற்கும். 42 ஆடுகளுக்கு நிச்சயமாகச் சீப்புதான்.

மறுமொழி: நூற்பவள்

பட்டியாளர் ஐயா, கோதி எடுத்ததில் பாதிக்கு மேல் அடிமுடியாக இருக்கும், மீதி வெளிமுடியும் பொடுகும் தூசியும். அதைப் பிரிப்பதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. இயந்திரங்கள் செய்வது இதுதான்: சுழலும் உருளைகளில் கனத்த, விறைத்த வெளிமுடி தெறித்து விழுகிறது, மெல்லியது உருளையோடு ஒட்டிக்கொள்கிறது. கையால் செய்ய வேண்டுமானால் வெளிமுடி அடிமுடியைவிட நீண்டிருப்பதே நமக்குத் துணை. ஒரு சிறு கற்றையை எடுத்து, இடக்கையால் பஞ்சுப் பகுதியை லேசாகப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முரட்டு நுனிகளை வலக்கை விரல்களால் பற்றி, ஒரே சீராக உருவினால் அவை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். திருப்பிப் பிடித்து மறுபக்கமும் அவ்வாறே செய்ய வேண்டும். சீப்பால் கோதியதில் இது எளிது. கத்தரித்ததில் வெளிமுடியும் துண்டாகியிருப்பதால் பிடிக்க நுனியே கிடைக்காது. காற்று வறண்ட நாளில் இழைகள் மின்னேறி விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையில் சிறிது ஈரம் தடவிக்கொண்டால் அடங்கும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். செம்மறிக் கம்பளி வாரும் முட்பலகையில் இதைப் போட்டு இழுத்தால் வெளிமுடி பிரியாது, ஒடியும். ஒடிந்த துண்டுகள் நூலுக்குள் புகுந்து, எத்தனை மென்மையான துணியாக இருந்தாலும் கழுத்தில் குத்திக்கொண்டே இருக்கும். என் முதல் ஆண்டு முழுவதும் அவ்வாறு வீணாயிற்று. நெய்து முடித்த துண்டை என் தாயார் ஒரு முறை போர்த்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டார்.

செம்மறிக் கம்பளியைவிட இதில் கொழுப்பு மிகக் குறைவு, ஆகவே கடுமையான கழுவல் தேவையில்லை. வலைப்பையில் இட்டு, 40 முதல் 45 பாகை வெந்நீரில் மென்சோப்புக் கரைசலில் அமிழ்த்தி, கசக்காமல், கிளறாமல் கால்மணி நேரம் விட்டு, அதே சூடுள்ள நீரில் அலசுங்கள். சூட்டிலிருந்து குளிர்நீருக்கு மாற்றினாலோ தேய்த்தாலோ சடை பிடித்துவிடும். நிழலில், மேலே வலை மூடி உலர்த்த வேண்டும். இழை குட்டையானது என்பதால் நூற்கும்போது முறுக்கு அதிகம் வேண்டும். தொங்கவிடும் கதிர் அறுந்து அறுந்து விழும், அடியில் தாங்கிச் சுழலும் கதிர் நல்லது. ஒற்றை நூலை இரட்டித்து, ஆவி காட்டி முறுக்கைப் பதிய வைத்தால் நூல் நிற்கும். ஒரு சால்வைக்குச் சுமார் 200 கிராம் நூல் என்று கணக்கு வைத்துக்கொண்டால், எத்தனை ஆடுகள் ஒரு சால்வைக்கு என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். வெள்ளையைச் சாயமேற்றலாம் என்பதால் ஆலைகள் அதையே விரும்புகின்றன. ஆனால் கரிய ஆட்டின் அடிமுடி, வெளிமுடியைவிட வெளிறிய சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும். கையால் நூற்பவர்களுக்கு அந்த இயல்பான நிறமே அழகு. வெள்ளையையும் நிறத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கால்நடை மருத்துவர்

சுருக்கமாக இரண்டு செய்திகள். முதலாவது, இரண்டாம் நிலை மயிர்க்கால்கள் கருவின் பிற்பகுதியிலும், பிறந்த பின் முதல் சில மாதங்களிலும் முதிர்பவை. ஓர் ஆட்டின் வாழ்நாள் அடிமுடியின் எண்ணிக்கை அப்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எனவே தீவனத்தில் செலவிட முடிந்ததைச் சினையின் கடைசி இரு மாதங்களிலும், குட்டி பால் குடிக்கும் காலத்திலும் செலவிடுங்கள். வளர்ந்த ஆட்டுக்குத் தீவனத்தை வாரிக் கொட்டுவதால் அடிமுடி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆயினும் பட்டினி போட்டால் குறையும். பட்டினியால் மெலிந்த இழையைத் தரமான மெல்லிழை என்று தவறாக எண்ணிவிடவும் கூடாது.

இரண்டாவது, கோதிய பிறகு ஒரு வாரமாவது மழையும் குளிர்காற்றும் படாத கொட்டகை வேண்டும். வசந்தத்தின் திடீர்க் குளிர்மழை ஒரே இரவில் பல ஆடுகளைச் சாய்த்துவிடும். பேன் மருந்தைக் கோதலுக்குச் சற்று முன் உடம்பில் ஊற்றாதீர்கள், இழையில் தங்கும். கோதி முடித்தபின் தோல் தெளிவாகத் தெரியும்போது, கீறல்கள் ஆறியபிறகு கொடுப்பது நல்லது.

பட்டியாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அங்கோரா கிடா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் சொன்னபடியே நடுவிலாவில் கற்றை வெட்டி, கறுப்புத் துணியில் வைத்து, 42 ஆடுகளையும் அளந்தேன். 9 ஆடுகளுக்கு 20 மில்லிமீட்டர் கூட இல்லை. 20 ஆடுகள் 25-க்கும் 35-க்கும் இடையில். 13 ஆடுகள் 35-க்கு மேல். அவற்றில் சிலவற்றின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன்; பெட்டைகள் 15.2 முதல் 16.1 வரை வந்தன. ஒரே ஒரு பெட்டை 19.4; அதன் முடியை மீண்டும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன், மற்றவற்றில் இல்லாத மினுமினுப்பு அதில் இருந்தது. முதன்முறையாகக் கோதியதில் மிகுதியாகக் கொடுத்தது 210 கிராம், குறைவாகக் கொடுத்தது 40.

இப்போது என் தயக்கம் கிடாக்களைப் பற்றியது. என்னிடம் இரண்டு உண்டு. பெரிய கறுப்புக் கிடா 16.9 மைக்ரான், நீளம் 52 மில்லிமீட்டர், 210 கிராம் கொடுத்தது இதுவே. இளங்கிடா 14.8 மைக்ரான், நீளம் 31, எடை 70 கிராம்தான். மென்மைதான் முக்கியம் என்று நீங்கள் எல்லோரும் எழுதியிருப்பதால், பெரியதை விற்றுவிட்டு இளங்கிடாவையே மந்தைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். பெரியதற்கு ஐந்து வயது, சிறியதற்கு இதுதான் முதல் முடி.

மறுமொழி: நெடுநாள் வளர்ப்பவர்

நண்பரே, விற்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் கடைசி வரியில் இருக்கும் வயதுதான் இங்கே எல்லாவற்றையும் மாற்றுகிறது.

முதலாண்டு முடி ஓர் ஆட்டின் வாழ்நாளிலேயே மெல்லியது. அதன்பிறகு நான்கைந்து வயதுவரை ஆண்டுதோறும் தடிக்கிறது; கிடாக்களில் பெட்டைகளைவிட அதிகமாகவே தடிக்கிறது. ஆகவே இளங்கிடாவின் 14.8-ஐயும் பெரியதன் 16.9-ஐயும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முறையன்று. இளங்கிடா ஐந்து வயதில் 17-ஐத் தொட்டாலும் நான் வியப்படைய மாட்டேன். ஐந்து வயதான ஒரு கிடா, 52 மில்லிமீட்டர் நீளமும் 210 கிராம் எடையும் கொண்டு, இன்னும் 17-க்குள் நிற்கிறது என்றால், தேர்வே செய்யப்படாத மந்தையில் அது அரிதாகக் கிடைக்கும் ஆடு. இழையின் தடிமன் குட்டிகளுக்கு வலுவாகக் கடத்தப்படும் குணம் என்பதால் அதன் அருமை இன்னும் கூடுகிறது.

எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இழை தடிக்கும் என்று நான் முன்பு எழுதியது உண்மைதான். எடை கூடுவதும் தடிப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே செல்லும். ஆனால் மென்மையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் சில தலைமுறைகளில் கோதுவதற்கு ஒன்றும் இல்லாத ஆடுகள்தான் எஞ்சும். உங்கள் இளங்கிடாவின் 31 மில்லிமீட்டர் நூற்பதற்குக் கீழெல்லையில் இருக்கிறது. நானாக இருந்தால் மெல்லிய பெட்டைகள் அனைத்தையும் பெரிய கிடாவுக்கே விடுவேன். நீளம் 35-க்கு மேலுள்ள பெட்டைகளில் மூன்று நான்கை மட்டும் இளங்கிடாவிடம் விட்டு, அடுத்த குளிர்காலத்தில் அதன் இரண்டாம் முடியை அதே நடுவிலாவில் அளந்து பார்ப்பேன். 19.4 பெட்டையையும், 20 மில்லிமீட்டரைத் தொடாத ஒன்பதையும் பாலுக்கும் இறைச்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அடிமுடிக் கணக்கில் அவற்றின் குட்டிகளைச் சேர்க்க வேண்டாம். பிறக்கும் கிடாக்குட்டிகளில் இனப்பெருக்கத்துக்கு வேண்டாதவற்றைக் காயடித்து வளர்த்தால், பட்டியில் இருக்கும் வரை ஆண்டுதோறும் முடி தரும்.

ஒன்று கேட்க வேண்டும். பெரிய கிடாவுக்குப் பிறந்த பெட்டைகள் உங்கள் மந்தையில் உண்டா? அவற்றின் அளவுகள் இருந்தால், கிடாவின் அளவைவிட அவையே அதைப் பற்றி அதிகம் சொல்லும்.

பட்டியாளர்

உண்டு, மூன்று. உங்கள் பதிலைப் படித்ததும் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றுமே அந்தப் பதின்மூன்றில் இருக்கின்றன. அவற்றில் இரண்டின் மாதிரிகள்தான் ஆய்வகத்துக்குப் போயின, மூன்று வயதுடையது 15.6, இரண்டு வயதுடையது 15.2. மூன்றாவதன் கற்றை காகித உறையில் அப்படியே இருக்கிறது, நாளைக் காலை அதையும் அனுப்புகிறேன். கறுப்புக் கிடாவை வாங்குவதாகச் சொன்னவரிடம் இன்று மாலையே மறுத்துவிட்டேன்.